சுக்குவின் விரதம்

மனிதன் தன்னையே வெல்லும் வழிகளில் மௌனம்தான் தலையாயது என்பதில் முத்தையாபுரத்தில் இரண்டு கருத்து இல்லை. உப்பு வியாபாரி காசிலிங்கம் அண்ணாச்சி திருச்செந்தூருக்கு மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, அசைவத்தை விட்டார். அதோடு நில்லாமல் திடீரென்று ஒருநாள் காலையில் பேச்சையும் விட்டுவிட்டார். மாலையைக் கழற்றும்வரை ஒரு சொல் கிடையாது. பச்சைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் தெருவில் நடந்தபோது கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வாட்ஸப்பில் மட்டும் பேசினார். விரதம் வாய்க்குத்தான், விரலுக்கு இல்லை என்று அதற்கான விளக்கத்தையும் வாட்ஸப்பிலேயே அனுப்பியிருந்தார்.

விரதம் அவரோடு நிற்கவில்லை. "எங்க வீட்ல நாய்கூட சைவம்" என்று வியாபாரிகள் சங்க வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். அதனால் சுக்குவுக்கும் தயிர்ச்சோறுதான்.

சுக்கு அவருடைய நாய் இல்லை. மருமகள் அனுசியாவின் நாய். சாகுபுரத்தில் அவள் அப்பா வீட்டு வாசலில் குட்டியாகக் கிடந்தது. அவளுக்குக் கல்யாணமாகி மறுவீடு வந்த வேனில் தானும் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்று முத்தையாபுரம் வரை வந்துவிட்டது. இந்த வீட்டில் அவள் சொன்னால் கேட்பது அது ஒன்றுதான்.

அந்தச் சுக்குதான் காலையிலிருந்து வயிற்றை எக்கி எக்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் தயிர்ச்சோறு வந்தது. அப்புறம் மஞ்சள் தண்ணீர். பிறகு வெறும் நுரை. அதன்பின் எக்கியது, ஒன்றும் வரவில்லை.

கூடத்தில் எல்லோருடைய போன்களும் ஒரே சமயத்தில் ஒலித்தன. நாற்காலியில் துண்டும் கையுமாக இருந்த அண்ணாச்சி அனுப்பியதை, அவருடைய மகன், அனுசியாவின் புருஷன் லிங்கராஜ் எழுந்து நின்று பயபக்தியோடு வாசித்தான்.

"'கல்லுப்பைக் கரைச்சு வாயில ஊத்துங்க. உள்ள கெடக்கது எல்லாம் வெளிய வந்துரும்.' அப்பா சொல்லுதாவ."

இந்த வீட்டில் உப்பு வெறும் சரக்கு இல்லை. பல்வலி, தொண்டைக்கட்டு, கண்ணேறு, பேரன் பரீட்சைப் பயம், எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மருந்து இருந்தது. மாமியார் இசக்கியம்மாள் அதற்குள் ஒரு செம்பில் இரண்டு கை உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அனுசியா நாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காதில் போன் இருந்தது. மறுமுனையில் நாசரேத்துக்கார மாட்டு டாக்டரம்மா கிருபை. டவுனில் நாய், பூனைக்கு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர்.

"சோறு வைக்காத. தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா நக்கட்டும். மேலுதட்டத் தூக்கி ஈறப் பாரு. வெளுத்துருக்கா?"

அனுசியா உதட்டைத் தூக்கினாள். "லேசா வெளுத்துருக்கு டாக்டர்."

"வயிறு உப்பி இருக்கா? வாந்தியில ரத்தம்?"

"ரெண்டும் இல்ல. இப்பம் எக்குது, ஆனா ஒண்ணும் வரல."

"உடனே கூட்டிட்டு வா. உப்புத் தண்ணி மட்டும் கொடுத்திராத, மூளைக்கு ஏறிரும், செத்துப்போவும். அது என்ன தின்னுச்சுன்னு விசாரிச்சிட்டு வா, அதான் முக்கியம்."

இசக்கியம்மாள் செம்போடு குனிந்தாள். "நவுரு ஏளா. மாமா சொல்லியாச்சு."

"குடுக்க மாட்டேன் அத்த."

"உப்பத் தின்னுதான் இந்த வீடே நிக்கி. அதையா வேண்டாங்க?"

அனுசியா செம்பை வாங்கினாள். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அவள் நேராக நாற்காலிக்குப் போய் அதை மாமனாரிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க ஒரு மடக்கு குடிங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா அதுக்கு ஊத்துதேன்."

லிங்கராஜ் சுவரைப் பார்த்தான். அண்ணாச்சியின் கண் சிவந்தது. துண்டுக்குப் பின்னால் ஏதோ புறப்பட்டது; மௌனம் அதைப் பிடித்து நிறுத்தியது. அவர் ஆத்திரத்தோடு தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அனுசியா செம்பைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, சுக்குவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஹார்பருக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நெளிந்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சியின் கார் நின்றது. ஆஸ்பத்திரிக்குள்ளே அவரே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் லிங்கராஜ். சுக்குவை ஒருநாளும் தொட்டுத் தடவாதவர் அவளுக்கு முன்பே எதற்கு வந்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன சாப்பிட்டது?" என்றார் டாக்டர்.

போன் ஒலித்தது. "'தயிர்ச்சோறு. சுத்த சைவம்'னு அப்பா சொல்லுதாவ" என்றான் லிங்கராஜ்.

எக்ஸ்ரே வேறு மாதிரி சொன்னது. சுக்குவின் வயிற்றில் எலும்புத் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அவற்றின் நடுவே கொக்கி போல வளைந்த ஒரு கம்பி.

"தூண்டில் முள்ளு மாதிரி இருக்கு" என்றார் கிருபை. "முள்ளுன்னா வயித்த வெட்டித்தான் எடுக்கணும். இது இருக்க நிலைமையில தாங்குமான்னு சொல்ல முடியாது. வேற எதுவும்னா வாய் வழியா எடுத்துப் பாக்கலாம். எங்க எதத் தின்னுச்சுன்னு யாருக்குமே தெரியாதா?"

அண்ணாச்சி துண்டை இன்னும் இறுக்கிப் பொத்தினார்.

அனுசியா அந்தத் துண்டையே பார்த்தாள். வீட்டில் கொஞ்ச நாளாகக் குழைந்த சோறு வடிப்பது ஞாபகம் வந்தது. முறுக்கை அவர் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றது. முந்தின நாள் கிட்டங்கியிலிருந்து சுக்கு உதட்டை நக்கிக்கொண்டே திரும்பி வந்தது. மௌனம் தொடங்கிய காலைக்கு முந்தின ராத்திரி அவர் கணக்குப் பார்க்கக் கிட்டங்கிக்குத் தனியாகப் போனது.

"மாமா, துண்ட எறக்கி வாயத் தொறங்க."

லிங்கராஜ் பதறினான். "ஏளா, விரதம்!"

"நீங்க சும்மா இருங்க. மாமா, டாக்டர் வெட்டுனா அது எப்படியும் வெளிய வந்துரும். வந்ததும் யாருதுன்னு தெரிஞ்சிரும். இப்பமே சொன்னா சுக்கு வயிறாவது மிஞ்சும். செத்துச்சுன்னு வைங்க, எக்ஸ்ரேயச் சங்கத்துக் குழுவுல போட்டு, இது என்னன்னு எல்லார்ட்டயும் கேப்பேன். நான் கேப்பேனா மாட்டேனான்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். காலையில் செம்பு கவிழ்ந்ததைப் பார்த்தவர்தானே.

அண்ணாச்சி மெதுவாகத் துண்டை இறக்கினார். பேசவில்லை, விரதம் விரதம்தான். ஒரு விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் வரிசை நடுவில் ஒரு வாசல் திறந்திருந்தது.

கிருபை வாசலைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார்.

"கட்டுப்பல்லா? கம்பி முனை மழுங்கலா?"

அண்ணாச்சி தலையாட்டினார்.

"எலும்பு கோழியா?"

இதற்குத் தலையாட்ட வெகுநேரம் ஆனது. எலும்பைக் கடித்தபோது பல் கழன்றது தெரியாமல், அதையும் இலையோடு இலையாகச் சுருட்டி மூட்டைகளுக்குப் பின்னால் எறிந்தது, பிறகு தேடியும் கிடைக்காதது வரை அவர் கைச்சாடையாலேயே சொல்லி முடித்தார். லிங்கராஜ் முதல்முறையாக அப்பா சொன்னதை மொழிபெயர்க்கவில்லை.

சுக்குவுக்கு மயக்க ஊசி போட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு, டாக்டர் பல்லையும் எலும்பையும் எடுத்தார். கத்தி தேவைப்படவில்லை. சாயங்காலம் அது எழுந்து நின்று அனுசியாவின் சேலையைக் கடித்தது.

அன்று வீட்டில் இசக்கியம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள். "வெளிய சொல்லிராத ஏளா."

"சொல்ல மாட்டேன் அத்த. ஆனா சுக்கு விரதம் இன்னையோட முடிஞ்சுது. அது வாயில எவரும் உப்ப ஊத்த வந்தா, நான் வாயத் தொறப்பேன்."

மறுநாள் சுக்குவின் தட்டில் கஞ்சி. நாலைந்து நாளில் மீன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாலை கழற்றிய அண்ணாச்சிக்கு வியாபாரிகள் சங்கம் பொன்னாடை போர்த்தி, மௌனத்தின் மகிமை பற்றிப் பேசச் சொன்னது. அவர் நெடுநேரம் பேசினார். உப்பின் மகிமைக்கு வந்து, "நாய்க்கு வாந்தின்னாகூட உப்புத் தண்ணி…" என்று தொடங்கியபோது முன்வரிசையில் அனுசியா ஒரு விரலால் தன் மேலுதட்டை லேசாகத் தூக்கினாள். "…கொடுக்கக் கூடாது" என்று அண்ணாச்சி முடித்தார். கைதட்டல் எழுந்தது. அவர் வாய் நிறையச் சிரித்தார்.

புதுப் பல் கட்டவில்லை. அதே பல்தான், வெந்நீரில் கழுவியது.