பவர் சப்ளைக்குள் இருந்தது

வீடியோ எடிட் செய்வதற்காக அக்கா தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பொருத்தினாள். மற்றதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவள், பவர் சப்ளையை மட்டும் தம்பியிடம் விட்டுவிட்டாள்.

"தூக்கிப் பாருக்கா, என்னா கனம்! எழுநூறு வாட்னு போட்டிருக்கு," என்றான் அவன் பெருமையாக.

கம்ப்யூட்டர் சமர்த்தாகத்தான் கிளம்பியது. கிராபிக்ஸ் கார்டுக்கு முழு வேலை கொடுத்ததும் பவர் சப்ளை டப்பென்று வெடித்துப் புகை கக்கியது. அக்கா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள் இருவரும் எல்லாவற்றையும் தம்பி பவர் சப்ளை வாங்கிய கடைக்குத் தூக்கிப்போனார்கள். கடை மெக்கானிக் அந்தப் பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நோஞ்சானாக ஒரு சர்க்யூட். பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய ஒரு கட்டி.

"அடப்பாவி, சிமெண்டுடா!" என்று கத்தினாள் அக்கா. தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கே இப்பதாம்மா தெரியுது," என்று மெக்கானிக் தலையில் கை வைத்தார். அலமாரியில் அதே பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அத்தனையையும் இறக்கினார்.

வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்ததில் மதர்போர்டு பிழைத்துக்கொண்டது. கிராபிக்ஸ் கார்டு கண் திறக்கவேயில்லை. அக்கா அதைத் தம்பியின் கையில் வைத்து, "இனிமே கனத்தைப் பாத்து எதையும் வாங்காதடா," என்றாள்.