புளியங்கிளைத் தீ

பஸ் ஓடாத ரோடு எவ்வளவு அகலம் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் வழியெல்லாம் புளிய மரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. வெள்ளிமலை பஸ் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. கல்வராயன் மலை நீலமாக, இரண்டு வயல் தள்ளி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அந்த அழகான அமைதிக்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே நான் சைக்கிள் மிதித்தேன்.

நான் ஏஞ்சலின். தியாகதுருகம் பக்கம். அப்பா பிலிப்பு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். நான் பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் ஆய்வு என்று அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். என்ன ஆய்வு என்று கேட்பவர்களிடம், நெருப்புக்குள் பார்க்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். எரிகிற தீ நம் கண்ணுக்குத் திரை. ஆனால் கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு ஒளியின் நடுப்பகுதியில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் தீ கண்ணாடியாகத் தெளிந்துவிடும். பாய்லரை அணைக்காமலே உள்ளே எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆய்வகத்துச் சின்ன அடுப்பில் செய்து பார்த்திருந்தேன். ஆலைத் தீயில் ஒரு படமாவது எடுத்து வராவிட்டால், மாதக் கடைசியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு சர்க்கரை ஆலை இடம் கொடுத்தது. என் அகச்சிவப்புக் கருவியை அங்கே பூட்டி நிறுத்துவதற்குள் மறியல் வந்துவிட்டது. கருவியின் கண் திரவ நைட்ரஜனில் குளிர்ந்தால்தான் பார்க்கும். இல்லாவிட்டால் தன் சூட்டிலேயே குருடாகிவிடும். நான் கொண்டு வந்த நைட்ரஜன் நாளுக்கு நாள் கொதித்துக் காற்றோடு போய்விட்டது. கரும்பு வராததால் ஆலையும் படுத்துவிட்டது; பாய்லர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"சாயங்காலத்தோட எரிக்கிற கரும்புச் சக்கை தீந்துடும்மா. அப்பறம் பாய்லரை அணைச்சிடுவோம்," என்றார் பாய்லர் பார்க்கும் ராமசாமி. "அதுக்குள்ள நைட்ரஜனோட வந்தா பாத்துக்குங்க."

இந்தப் பக்கத்தில் நைட்ரஜன் வேறு எங்கே இருக்கும்? மாட்டாஸ்பத்திரியில். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை அதில்தான் போட்டு வைத்திருப்பார்கள்.

மாட்டாஸ்பத்திரி சுபாஷ் கேன் மூடியைத் திறந்து காட்டினார். அடியில் கொஞ்சம் புகைந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கும் வண்டி வர்ல. குச்சி ஒண்ணுதான் மிச்சம். பெரியம்மாளுக்குச் சொல்லி வெச்சது. மாடு காலைலேருந்து சினைக்குக் கத்திக்கினு கீதாம். அது வூடு நீங்க போற வழிதாங்க. இந்தக் கேனைத் தூக்கிக்கினு மரத்தையெல்லாம் என்னால தாண்ட முடியாது. உங்க பிளாஸ்க்ல ஊத்தறேன், குச்சியும் அதுலயே வரட்டும். மாட்டுக்குப் போட்டதும் மிச்சம் உங்களுது."

அப்படித்தான் நடந்தது. சுபாஷ் தன் சைக்கிளில் கூடவே வந்தார். என் சைக்கிள் கூடையில் ஒரு காளையின் எதிர்காலமும் என் எதிர்காலமும் ஒரே பிளாஸ்க்கில் புகைந்துகொண்டு போயின. மூடியை இறுக்கினால் வெடிக்கும் என்பதால் மேலே சும்மா வைத்திருந்தேன். வெண்புகை ஹாண்டில் மேல் வழிந்து பின்னால் போயிற்று. தூரத்தில் ஆலைப் புகைபோக்கியில் புகை தெரிந்தது. அது தெரிகிற வரைக்கும் எனக்கு உயிர்.

பெரிய புளிய மரம் கிடந்த இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்தான்.

"இன்னாங்க அது, புகையுது?"

"மாட்டு ஊசிப்பா," என்றார் சுபாஷ். "உங்கம்மாவுக்குத்தான்."

அவன் இளவரசன், பெரியம்மாளின் மகன். பி.எஸ்சி. படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவன் என்று சுபாஷ் காதோடு சொன்னார். அதற்குள் பெரியம்மாளே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாடு ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டி நிறுத்த மாட்டாஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி மரச்சட்டம் அங்கே ஏது? விழுந்த மரத்தின் கவட்டைக்குள் அதைத் தள்ளி, இளவரசன் கொம்பைப் பிடித்தான். மாடு உதைத்தது. சுபாஷ் மறுபடி மறுபடி விலகினார்.

நான் மாட்டைப் பார்க்கவில்லை. புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை மெலிந்து நூலாகி, மலையின் நீலத்தில் கரைந்தது.

"அணைஞ்சு போச்சு!" என்று கத்தினேன். "உங்க மரம், உங்க மாடு, உங்க மறியல்! என் ரெண்டு வருஷம் போச்சு!" கோபத்தில் அழுகை வந்துவிட்டது. சுபாஷ், "போட்டாச்சு," என்று கையைத் துடைத்தார்.

பெரியம்மாள் மகனிடம் கேட்டாள்: "இன்னாடா அணைஞ்சு போச்சாம் அந்தப் பொண்ணுக்கு?"

"தீதான். ஆயாங்களுக்கு அடுப்பு மாதிரி இவங்களுக்குப் பாய்லர் வேணும் போல," என்றான் பக்கத்தில் ஒருவன். இளவரசன் சிரிக்கவில்லை. என்னிடம் விஷயத்தைக் கேட்டான். சொன்னேன். அவன் மரத்தை ஒரு பார்வை பார்த்தான். வெட்டி நாளாகி வெயிலில் கிடந்ததில் சின்னக் கிளைகளெல்லாம் காய்ந்திருந்தன.

"அடிமரத்த எடுக்க மாட்டோம். ரோடு தொறக்காது. கிளைய எடுத்துக்குங்க."

அவர்களே வெட்டினார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டு வண்டியில் கிளைகளை ஏற்றி, இளவரசனும் நானும் ஆலைக்குப் போனோம். ராமசாமி பாய்லர் கதவைத் திறந்தபோது உள்ளே சிவப்புத் தணல் இன்னும் கிடந்தது. புளியங்கிளைகளைத் திணித்தோம். படபடவென்று பிடித்துக்கொண்டு, சுவர் சுவராகத் தீ எழும்பியது.

பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததைக் கருவியின் கண்ணுக்கு ஊற்றினேன். திரை மெல்ல விழித்தது. அதில் தீ இல்லை. தீ இருந்த இடத்தில், தெளிந்த கிணற்றுக்குள் தெரிகிற படிகள் மாதிரி, குழாய்கள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு குழாய் மட்டும் வெளுத்திருந்தது. அடைப்பு. படத்தை எடுத்தேன்.

இளவரசன் குனிந்து திரையைப் பார்த்தான், பிறகு பாய்லர் கதவைப் பார்த்தான்.

"இன்னாங்க, நெருப்பையே காணோம்?"

"இருக்குது. அதத் தாண்டிப் பாக்குது."

அவன் மறுபடி திரைக்குக் குனிந்தான்.

"பேப்பர்ல எழுதறவன் எங்ககிட்ட நெருப்ப மட்டுந்தான் பாக்கறான்," என்றான்.

நானும் காலையிலிருந்து மரத்தைத்தான் பார்த்திருந்தேன், அதை வெட்டியவர்களை அல்ல. திரை வெளுத்து மங்கியது, நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. "அங்க ஆள் கம்மி," என்று சொல்லிவிட்டு அவன் மரத்துக்கே திரும்பிப் போனான்.

பெங்களூரில் கட்டுரை எழுதினேன். படத்தில் தீ தெரியாது. அதனால் எதை எரித்தோம் என்று கீழே எழுத வேண்டும். புளியங்கிளை என்று எழுதினேன். கொடுத்தவர், பெரியம்மாள் மகன் இளவரசன் என்றும் எழுதினேன். கட்டுரைக்கு இது எதற்கு என்று பேராசிரியர் அந்தப் பெயரை அடித்தார். நான் திரும்ப எழுதினேன்.