நடுவில் நின்ற பானுமதி

வெயில் ஏறுவதற்குள் தக்காளிப் பெட்டிகளை மினிலாரியில் ஏற்றியாக வேண்டும். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வழக்கம்போல நாலு பேர் வரிசை. வரப்பில் காவியா, அடுத்து அப்பா தீர்த்தகிரி, அப்புறம் தங்கை கனிமொழி, லாரிமேல் அம்மா பானுமதி. பெட்டி கைமாறும்போது ஆளுக்கொரு சீனச் சொல்லைக் கத்துவார்கள். காவியாவுக்கு ‘வோ’, அதாவது நான். அப்பாவுக்கு ‘ஜின்தியென்’, இன்று. கனிமொழிக்கு ‘ஃபான்சியெ’, தக்காளி. அம்மாவுக்கு ‘மாய்’, விற்கிறேன்.

இந்தக் கூத்தெல்லாம் காவியாவின் வேலைக்காக. ஓசூர்க் கம்பெனி ஒன்றில் சீன மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். போன தடவை நேர்காணலில் சொல்லெல்லாம் தெரிந்திருந்தும், தமிழ்ப் பழக்கத்தில் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து வைத்தே கோட்டை விட்டாள். சீனத்தில் விற்பது முன்னால், தக்காளி பின்னால்.

“சைனாக்காரனுக்கு என்னம்மா அவசரம்? பொருளக் கண்ல காட்டறதுக்குள்ள வித்துப்புடறானே!” என்று தீர்த்தகிரி சிரிப்பார்.

அப்படியானால் அம்மா கனிமொழிக்கு முன்னால் நிற்க வேண்டும். லாரியில் அடுக்குகிற இடத்தை அவள் விட்டால்தானே?

“இவ கையில குடுத்தா பாலக்கோடு சந்தைக்குப் போறதுக்குள்ள சட்னிதான்” என்று கனிமொழியைக் காட்டுவாள். தினமும் ‘மாய்’ கடைசியிலேயே விழ, காவியாவின் வாயும் அதற்கே பழகிப்போனது.

அன்றைக்கு லாரி தாமதம். பாதி ஏற்றும்போதே நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது. போன் திரையில் ஒரு சீனப் பெண்மணி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். காவியாவின் பதில் ‘வோ ஜின்தியென்’ வரை வந்து நின்றது. இதையும் விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. தவித்துப்போய் நிமிர்ந்தாள்.

லாரிமேல் கனிமொழி நின்றிருந்தாள். அம்மா கீழே இறங்கி, அப்பாவுக்கு அடுத்து, கையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றாள்.

காவியா முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வோ ஜின்தியென் மாய் ஃபான்சியெ.”

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். அதன்பின் கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு பதிலிலும் அம்மா நின்ற இடத்தில் வினைச்சொல்லை வைத்தாள் காவியா. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகக் கூறி அழைப்பு முடிந்தது.

காவியா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“வுடுடி. இவ அடுக்கியிருக்கற லட்சணத்தப் பாரு மொதல்ல.”

பானுமதி சேலையைச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். கோணலாக நின்ற பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கினாள். ஒவ்வொரு பெட்டிக்கும், யாரும் கேட்காமலேயே, “மாய்” என்றாள்.