கை மாறிய இடம்

எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். காப்பியை நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பைக் கூடையை வாசலில் வைத்தான். பிறகு பின்னறைக்குப் போய்த் தறிக்கு முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்ததோடு சரி.

தறியில் அவன் மனைவி முடிக்காமல் விட்டுப்போன பட்டுப் புடவை இருந்தது. தன் தங்கையின் கல்யாணத்துக்கென்று அவள் நெய்தது. மாதுளை நிறம், உடல் முழுக்க வெள்ளைப் பூ. நெய்யும்போது துணியின் முகம் தரையைப் பார்த்திருக்கும். மேலே தெரிவது வெறும் முடிச்சும் தொங்கும் இழையும்தான். அதனால் அடியில் ஒரு கண்ணாடியை வைத்து, அவ்வப்போது குனிந்து பூவைப் பார்த்துக்கொள்வாள்.

அவனும் தறி வீட்டுப் பிள்ளைதான். கல்லூரி, ஆபீஸ் என்று ஒதுங்கிப் போனாலும் கை மறக்கவில்லை. போன வாரம் ஒரு வரிசை நெய்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தான். அவளுடைய பூக்கள் உருண்டையாக இருந்தன. அவனுடையவை யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி சப்பிக் கிடந்தன. அதே நூல், அதே கணக்கு. அடி மட்டும் வேறு. ஊடை நூலை இறுக்கும் சட்டத்தை அவள் தடவுவதுபோல இழுப்பாள். அவன் இழுத்தால் ஜன்னல் அதிரும். "உங்க கை துணி நெய்யல, ஆணி அடிக்குது" என்று சிரிப்பாள். அடியைக் குறைத்து இன்னொரு வரிசை போட்டான். பூ வெள்ளரிக்காயாக நீண்டது. இரண்டையும் பிரித்துப் போட்டான். அதற்கே அந்த வாரத் தெம்பு தீர்ந்துவிட்டது.

விட்டுவிடலாம் என்றால் மாமியார் விடவில்லை. மகள் கடைசியாக, "தங்கச்சி துணிய முடிச்சுக் குடுத்துடுங்க" என்று சொல்லித்தான் கண்ணை மூடினாள் என வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள். அந்த நேரத்தில் மாமியார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தது அவன் ஒருவன்தான். ஆனாலும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

அன்று மாமியார் சின்ன மகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் நிச்சயமான பிறகும் அந்தப் பட்டம் போகவில்லை.

"என்ன மாப்பிள்ள, வச்சது வச்சபடி இருக்கு? கல்யாணம் வாசல்ல வந்து நிக்குது."

"பூ ஒத்து வரல அத்தை."

"அத எவ கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா? மடிப்புல மறைஞ்சுடும்."

"நான் பாப்பேன்" என்ற வாலு, மல்லாக்கப் படுத்துத் தறிக்கு அடியில் நுழைந்தாள்.

"அடியே, கல்யாணப் பொண்ணு பண்ற வேலையா இது? தலையெல்லாம் தூசு!"

"தூசுதானே, உதுத்துக்கலாம். மாமா, இந்த ஓரம் ஏன் பஞ்சடிச்சுப் போயிருக்கு?"

"அங்கதான் நான் நெய்ததப் பிரிச்சேன்."

வெளியே வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா நெய்தது எதுக்குக் காணும்?"

"ஒரு ரவிக்கைக்கு வரும். அதுக்கு மேல வராது."

"மாமா, ஒண்ணு கேப்பேன், மழுப்பக் கூடாது. அக்கா நெசமாவே முடிக்கச் சொன்னாளா? சொல்லியிருந்தா நீங்களே நெய்ங்க, பூ சப்பையோ சொட்டையோ கட்டிக்கிறேன். சொல்லலன்னா இத்தோட அறுத்துக் குடுங்க. அவ கை மட்டும் போதும் எனக்கு."

"என்னடி கேள்வி இது? நான்தான் தினம் சொல்றேனே" என்றாள் மாமியார். குரல் பாதியில் இறங்கியது. அவள் கண் அவன் வாயையே பார்த்தது. அந்தப் பார்வை அதட்டவில்லை, கெஞ்சியது.

தலையை ஆட்டினால் போதும். நாளையிலிருந்து உட்கார்ந்து சப்பைப் பூவாக நெய்து தள்ளலாம். மாமியாரும் நிம்மதியாக அழுவாள். ஆனால் ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்தவும் பலம் வேண்டும். அது அவனிடம் இல்லை.

"துணியப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றான்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தான். வரவில்லை. வாலு அலமாரியிலிருந்து கத்தரியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"பின்ன எம்புள்ள என்னதான் சொன்னா?" என்று தரையைப் பார்த்தபடி மாமியார் கேட்டாள். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க மாப்பிள்ள."

அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். காத்தே வரல."