காத்து போகுதா?

அம்மாவின் வயிறு உப்பிக்கொண்டே போனது. மேகி ஆன்ட்டி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"பாத்தீங்களா திலகம்க்கா, பவுடர் வேல செய்ய ஆரம்பிச்சிருச்சு. நல்ல கிருமியும் கெட்ட கிருமியும் உள்ள சண்ட போடுது. மொதல்ல உப்பும், அப்புறம் தொறந்துக்கும் லா."

"சண்ட முடிஞ்சா யாராச்சும் சொல்லி அனுப்புங்கடி" என்றாள் அம்மா. சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தி விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

மேகி ஆன்ட்டி பக்கத்து வீடு. தோட்டத்து லய வீடுகளை இடித்தபோது எங்களோடு இந்தத் தரைவீட்டு வரிசைக்கு வந்தவர். மலச்சிக்கலுக்கு ப்ரோபயோட்டிக் பவுடர் விற்கிறார். அவருக்கே அது கேட்டது. பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அம்மா செம்பனைக் காட்டில் எண்ணெய் ஆலைக்கு உதிர்ந்த பழம் பொறுக்குகிறாள். அங்கே கழிப்பறை கிடையாது. ஆண்கள் மரத்துக்குப் பின்னால் போவார்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வருஷக்கணக்காக அடக்கி அடக்கி, வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு வர மறுத்தது. பப்பாளி, பேதி மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பவுடர் ஆரம்பத்தில் ஓரளவு கேட்கவும் செய்தது. அதனால் மறுபடியும் வெளிக்குப் போவது நின்று வயிறு உப்பியபோது, இதுவும் மருந்தின் வேலை என்றே நம்பினோம்.

ரவாங் கையுறைத் தொழிற்சாலையின் இரவு வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் கிடந்தேன். அப்பா இல்லை. பகலில் அவளோடு இருந்தது நான் ஒருவன்தான். அன்று காலை பாயில் படுத்திருந்தவளின் வயிறு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினேன். உறுமி மாதிரி சத்தம் வந்தது. மனித உடம்பில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. வெளியே போய் கிளினிக்குக்கு போன் போட்டேன்.

நித்தியா மிஸ்ஸி எடுத்தாள். அங்கே தமிழ் பேசுகிற ஒரே நர்ஸ்.

"வெளிக்குப் போயி எத்தன நாளாச்சுண்ணே?"

"நாலஞ்சு நாள் இருக்கும்."

"வாந்தி?"

"இல்ல."

"காத்து போகுதா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் அதை எப்படிக் கேட்பது என்றுதான் புரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் மகனும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டேன்.

"ம்மா, காத்து போகுதாம்மா?"

"ம்... போவுது, போவுது."

"போகுதாம் மிஸ்ஸி."

"அப்ப சரி. வாந்தி எடுத்தா, வலி கூடுச்சுன்னா, ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. ஓகேவா?"

நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடித்தேன். மேகி ஆன்ட்டி வந்து இன்னொரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. பவுடர், பிறகு மஞ்சளாக ஏதோ, பிறகு பச்சையாக. நெற்றி முழுக்க வேர்வை. ஆனால் நடுங்கினாள்.

"சரண், அந்தக் காத்தாடிய நிறுத்துடா, குளிருது. அப்பயே கேட்டியே, காத்து போகுதான்னு. மூஞ்சிக்கு நேரா போவுதுன்னு சொன்னேன்ல."

சுழன்றுகொண்டிருந்த காத்தாடியைப் பார்த்தேன்.

"நான் கேட்டது அது இல்லம்மா."

"பின்ன?"

மேகி ஆன்ட்டி சுவரைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"குசு விட்டியாம்மா?"

வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அவளிடம் சொன்னதில்லை. விளக்குமாறு பறந்து வரும் என்று எதிர்பார்த்தேன்.

"நேத்துலேர்ந்து இல்லடா" என்றாள்.

வயிற்றைவிட, வாந்தியைவிட, அவள் திட்டாமல் பதில் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அம்மாவை என் காரின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். மேகி ஆன்ட்டி அவள் தலையை மடியில் வைத்து, வாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "யேசப்பா, யேசப்பா" என்று முணுமுணுத்தபடி வந்தார். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஊர்ந்தது. எதிரில் வண்டி வந்துகொண்டே இருந்ததால் முந்த முடியவில்லை.

"செத்துருவனாடா?"

"தெரியலம்மா."

"டேய், வாய மூடு!" என்றார் ஆன்ட்டி.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஹாரனை அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டதும் இளம் மலாய் டாக்டரின் முகம் மாறியது. "கெந்துட் அடா?" என்று கேட்டார். மலாயில் அதற்கு அந்த ஒரே சொல்தான், குழம்ப வழியில்லை. இல்லை என்றேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெருங்குடல் சைக்கிள் டியூப் மாதிரி வீங்கி, அடியில் முறுக்கிக்கொண்டிருந்தது. நாள்பட்ட மலச்சிக்கலில் குடல் நீண்டு தொங்கினால் சிலருக்கு இப்படி ஆகுமாம். கீழ்வழியாகக் குழாய் விட்டு முறுக்கை எடுத்துப் பார்ப்பார்களாம். ரத்த ஓட்டம் நின்றிருந்தால் அறுத்துத்தான் ஆக வேண்டும்.

மேகி ஆன்ட்டி பாக்கெட்டை நீட்டினார். "இதுனாலயா டாக்டர்?"

டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதனால் வரவில்லை, சாதாரண மலச்சிக்கலுக்குச் சிலருக்குக் கொஞ்சம் உதவும், முறுக்கிய குடலை இது திறக்காது என்றார். "வயிறு உப்பி, காற்றும் பிரியவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று உட்கார்ந்திருக்கக் கூடாது." ஆன்ட்டி பாக்கெட்டைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தார்.

அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சரியாக மூடவில்லை. நாங்கள் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். உலோகப் பாத்திரம் உரசுகிற சத்தம். அம்மா ஒருமுறை கத்தினாள். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஆன்ட்டி ஜெபத்தையும் நிறுத்திவிட்டார். கறுத்துப்போன குடலை நினைத்துக்கொண்டேன். நான் குடித்த காப்பியையும் நினைத்துக்கொண்டேன்.

அப்போது அது வந்தது. லோரி டயர் காற்றிறங்குகிற மாதிரி, நீளமாக, நிற்காமல். உள்ளே யாரோ "அல்லா!" என்று சொல்லிச் சிரித்தார்கள். நாற்றம் கதவிடுக்கு வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆன்ட்டி மூக்கைப் பொத்தாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சரண்!" அம்மாவின் குரல், மெல்லியதாக. "போவுதுடா."

மறுபடியும் முறுக்கலாம், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். அதுவரை குழாயோடு படுத்திருக்க வேண்டும். வார்டில் அவள் கட்டிலுக்கு மேலேயே ஒரு காத்தாடி ஓடுகிறது. போனதும் நான் முதலில் அவள் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறேன். பிறகு, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்கிறேன். அவள் திட்டுகிறாள். திட்டுகிற வரைக்கும் பரவாயில்லை.