திருநாளுக்கு மறுநாள் வரும் வலி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மருத்துவப் புத்தகம் ஒன்றில் பித்தப்பையைப் பற்றி நாலு பக்கம் வாசித்துவிட்டு மூடினேன். ராக்காயி கண்ணுக்குள் வந்து நின்றாள். அவள் நான் உண்டாக்கிய பெண்தான். அதற்காக என் ஆத்திரம் பொய்யாகிவிடாது.

முதல் வரி: மலைமேல் பனி மெல்ல விலக... (வேண்டாம். பனியை எழுதி எழுதியே வலியை மூடிவிட்டோம்.)

வேறு வரி: 1956, இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் காலை. கொழுந்து பறிக்கும் ராக்காயி வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு மருந்துச்சாலை வாசலில் குந்தியிருக்கிறாள்.

2

புத்தகம் சொல்வது இது. கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் குடற்சுவர் ஒரு ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது.* இரத்தம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பித்தப்பை சுருங்குகிறது, பித்தம் குடலுக்குள் வரும் வாசல் தளர்கிறது, பித்தம் இறங்குகிறது. வழியில் கல் அடைத்திருந்தால்? பை கல்லோடு மல்லுக்கட்டும். வலி உயிரை வாங்கும்.

(* கொலிசிஸ்டோகைனின். 1956இலேயே பெயர் வைத்துக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. தோட்டத்துக்கு அது வந்துசேரவில்லை. தேயிலை மட்டும் லண்டனுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது.)

ராக்காயிக்கு வருஷம் முழுக்க வெறும் ரொட்டியும் பாலில்லாத சாயத்தண்ணியும்தான். அந்தப் பை பெரிதாகச் சுருங்க வேலையே இல்லை. சுருங்காத பையில் பித்தம் தேங்கித் தேங்கிக் கல்லாகும். திருநாளன்று ஆடு வெட்டுவார்கள். ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். கறி அவர்களோடு போய்விடும். கடைசியில் உட்காரும் பெண்களுக்குச் சட்டியின் அடியில் கட்டிப்போன கொழுப்புத்தான் மிச்சம். இதைப் பண்பாடு என்று எழுத என்னால் முடியாது.

3

மருந்துச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டிஸ்பென்சர் மகாலிங்கம் ஒரு கொடிய... (பாதியில் விட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நேரந்தவறாமல் வேலை பார்க்கும் மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல்.) திருநாளுக்கு மறுநாள் யார் நோயென்று வந்தாலும், காலையில் ஆள்கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு டிமிக்கி கொடுக்கத்தான் வருகிறார்கள் என்பது அவர் முடிவு. ராக்காயி உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"தீவாளிக்கும் இப்புடித்தாங்க ஐயா. ரொட்டி தின்னா வலிக்கிறதில்ல. கறி தின்னாத்தான் வலிக்குதுங்க."

"உன்ர நோவுக்குக் கலண்டர் தெரியுது என்ன?" என்றார் அவர். "வேலைக்குப் போ."

நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயம் அது. அதையே பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டார். இம்முறை வலி இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. பெரியாஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பை அழுகி வெடிக்கும்.

4

முடிவு ஒன்று: மகாலிங்கம் மனம் இளகி... (நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.)

முடிவு இரண்டு: ராக்காயி சாகிறாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதை நன்றாக இருந்தது என்பீர்கள். தரமாட்டேன்.

தேயிலைப் பெட்டிகளோடு, பெரியாஸ்பத்திரி வழியாக ஹட்டன் ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட லொறியை டிரைவர் பக்கீர் மருந்துச்சாலை வாசலில் நிறுத்துகிறார். டிஸ்பென்சர் சொல்லாமல் அவர் யாரையும் ஏற்றக் கூடாது.

"ஐயா, முன்னுக்கு எடம் சும்மாதான் ஈக்கிது," என்கிறார்.

மகாலிங்கம் யோசிக்கிறார். ராக்காயி எழுந்து வந்து லொறிக் கதவைப் பிடித்துக்கொள்கிறாள். அவரைக் கதையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டேன்; போகலாம் என்று சொல்லவேண்டிய அவருடைய நாற்காலியில் இனி நீங்கள். தனக்கு வலிக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். வேறென்ன வேண்டும் உங்களுக்கு?