பணிவான கடிதம்

"திங்கக்கிழமை பாய்லரை ஓட்டக்கூடாதும்மா. சேஃப்டி வால்வு திறக்க வேண்டிய அழுத்தத்துல திறக்கல. ரெண்டு தடவை சோதிச்சிட்டேன். தலைமை ஆபீசுக்கு எழுதிடு," என்றார் மெக்கானிக் அண்ணன். என் மேசை முன் நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை.

தலைமை அலுவலகத்துக்குப் போகும் கடிதம் எதுவும் என் கைபடாமல் போகாது. வேலை தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலம் வரும் எனக்கோ வால்வு எது, குழாய் எது என்று தெரியாது. மனம் நோகாமல் மறுத்து எழுதுவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்கு வேறு அனுப்பியிருந்தார்கள். முதலில் நன்றி, பிறகு பாராட்டு, பிறகு ஒரு 'இருப்பினும்'. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். பெருமைக்குக் குறைச்சலில்லை.

அப்படியே எழுதினேன். நீங்கள் அனுப்பிய கால அட்டவணைக்கு நன்றி, அதன் அவசரம் எங்களுக்குப் புரிகிறது, இருப்பினும் வசதிப்பட்டால் வால்வை ஒருமுறை பார்ப்பது நல்லதாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி, வால்வை அடுத்த மாதம் பார்க்கலாம், திங்கட்கிழமை ஓட்டுங்கள்.

அண்ணனைக் கூப்பிட்டு இரண்டையும் தமிழில் சொன்னேன். கழுத்துத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஓட்டக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கே?"

"அது உள்ளுக்குள்ள இருக்குண்ணே. படிச்சா புரியும்."

"அவங்களுக்குப் புரியலையே. பாய்லர் பக்கத்துல நிக்கப்போறது நாங்க நாலு பேரும்மா."

திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது. நான் பூசி மெழுகியது இந்த நாலு பேரின் உயிரை.

புதிதாக எழுதினேன். திங்கட்கிழமை பாய்லரை ஓட்ட முடியாது. வால்வு திறக்கவில்லை. வெடித்தால் நான்கு பேர் சாவார்கள். அவ்வளவுதான். பின்னால் வந்து நின்ற மேலாளர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இப்படி எழுதினா நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிடும். ஒரு தயவுசெய்துவாவது போடும்மா."

"வேண்டாம் சார்."

"கொஞ்சம் இரு," என்று அண்ணன் கணினித் திரை பக்கம் குனிந்தார். தனக்குத் தெரியாத மொழியின் அந்த மூன்று வரிகளையும் எண்ணெய் படிந்த விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"இதுல ஓட்டக்கூடாதுன்னு இருக்கா?"

"முதல் வரியே அதுதான் அண்ணே."

அனுப்பினேன். மேலாளர் தன் அறைக்குப் போகவில்லை. பதிலுக்காக மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் குறுக்கே கறுப்பாக ஒரு விரல் தடம் இருந்தது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.